ஐம்பது கிலோமீட்டர் கழித்து

பிப்ரவரி 26, திங்கள்

இன்றும் "ஆம்" போட்டேன்.

வாராவாரம் திங்கட்கிழமை காலை, வண்டியில் பார்சல் ஏற்றுவதற்கு முன் யார்டில் ஒரு படிவம் கொடுப்பார்கள். பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது: "சக்கர நட்டுகள் உரிய அளவில் முறுக்கப்பட்டுள்ளனவா? ஆம் / இல்லை." ஓட்டுநர்கள் முப்பத்தொரு பேர். உரிய அளவு என்ன என்று பார்க்கும் கருவி ஒருத்தரிடமும் இல்லை. முப்பத்தொரு "ஆம்".

வண்டி எங்களுடையது. டயர், ஆயில், ரிப்பேர் எங்களுடையது. கம்பெனியுடையது கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும். அதைக் கழுவும் வேலையும் எங்களுடையது.

மேற்பார்வையாளர் படிவங்களை வாங்கி அடுக்கிவிட்டுக் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். எதைத் தொட்டாலும் துடைப்பார். தொடாவிட்டாலும் துடைப்பார். யார்டில் அவர் பெயரே கைக்குட்டைதான்.

மாமா நட்டு இறுக்குவது தனி வகை. மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். இந்த யார்டில் ஒன்பது வருடமாக ஓட்டுகிறார், என்னைச் சேர்த்து விட்டவரும் அவர்தான். கையால் இறுக்கி முடித்ததும் ஸ்பேனரின் நுனியில் காலை வைத்து ஏறி நிற்பார். "எண்பத்திரண்டு கிலோ ஏறி நின்னும் அசையலன்னா அது இறுகினதுதானே?" என்பார். ஒன்பதாவது கேள்விக்கு "மாமா ஏறி நின்றார்" என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போடலாம்.

மார்ச் 2, சனி

டார்க் ரென்ச் வாங்கிவிட்டேன். அளவைக் கைப்பிடியில் திருப்பி வைத்துவிட்டு இறுக்கினால், அந்த அளவு வந்ததும் "க்ளிக்" என்று சொல்லும் ஸ்பேனர். எங்கள் வண்டிகளுக்கு 110 நியூட்டன் மீட்டர்.

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நீளத்துக்கு ஒரு க்ளிக்கா?" என்றாள்.

உள்ளே எட்டாக மடித்த தாள் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் படங்கள். மறுபக்கம் எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

கம்பெனிக்கு ஒரு மனு எழுத ஆரம்பித்திருக்கிறேன். யார்டில் ஒரு டார்க் ரென்ச் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பதாவது கேள்வியை எடுக்க வேண்டும். இதுவரை கையெழுத்து நான்கு. அதில் ஒன்று என்னுடையது.

மார்ச் 3, ஞாயிறு

நல்ல வேலை நடந்த நாள்.

மாமா வண்டியின் நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். இடது பக்கத்து இரண்டு ரிம்களும் துருப்பிடித்துக் கிடந்தன. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சில்வர் பெயிண்டை அடித்தேன். முன்பக்கம், பின்பக்கம், நட்டு உட்காரும் குழிகள், வண்டியில் ரிம் போய் உட்காரும் வட்டம், எல்லாவற்றுக்கும் இரண்டு கோட்டு. கம்பெனி ஸ்டிக்கரைவிட ரிம் பளபளத்தது. மத்தியான வெயிலில் காயவைத்து மாட்டினேன். நட்டுகளை முதலில் விரலாலேயே திருகி, ஒன்று விட்டு ஒன்றாக எதிரெதிரே இறுக்கி, ஜாக்கியை இறக்கி, கடைசியாக டார்க் ரென்ச். இருபது நட்டு, இருபது க்ளிக்.

மாமா வந்தார். பழக்கதோஷம், ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டிக் காலைத் தூக்கினார்.

"மாமா, காலை எடுங்க."

"சும்மா, ஒரே ஒரு மிதி."

"மிதிச்சா போல்ட் இழுபட்டுரும். நூத்திப்பத்துன்னா நூத்திப்பத்துதான். உங்க எடைய யாரு கேட்டா?"

காலை எடுத்தார். ஸ்பேனரைத் துடைத்து வைத்தார். பிறகு, "சரி, நாளைக்குச் சாயந்தரம் ஓடிட்டு வந்தப்புறம் ஒருதரம் பாத்துக்கலாமா? எப்பவும் பாப்பேன்" என்றார்.

"க்ளிக் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் என்ன சந்தேகம்? ஒன்பது வருஷமா கண்ணைக் கட்டிக்கிட்டு இறுக்கினீங்க. இன்னைக்குத்தான் அளந்திருக்கு."

"சரி தாயே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மார்ச் 4, திங்கள்

ஒன்பதாவது கேள்விக்கு மாமா "ஆம்" போட்டார். இந்த யார்டின் முதல் உண்மையான "ஆம்". கைக்குட்டை அதையும் மற்ற முப்பதோடு சேர்த்து அடுக்கினார்.

மார்ச் 7, வியாழன்

மாமா வண்டியின் முன் இடது சக்கரம் கழன்றுவிட்டது.

கடைத்தெருவில், பதினொன்றரை மணிக்கு. வண்டி மெதுவாகத்தான் போயிருக்கிறது. சக்கரம் வண்டியை முந்திக்கொண்டு நடைபாதையில் ஏறி, ஒரு தையல் கடைக்குள் போயிருக்கிறது. வாசலோரம் மிஷினில் உட்கார்ந்திருந்த தையல்கார அக்காவின் வலது காலில் மோதி நின்றது. பாதத்தில் இரண்டு எலும்பு முறிவு. மிஷின் மிதிக்கிற கால்.

ஐந்து நட்டில் மூன்று தெருவில் கிடைத்தன. மற்ற இரண்டும் கிடைக்கவில்லை.

மாமாவுக்கு அடி இல்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தார். "நேத்திலேருந்தே ஸ்டியரிங் லேசா நடுங்குச்சு" என்று அக்காவிடம் சொன்னார். "நிறுத்திப் பாத்திருக்கணும். சரி, அதான் அளந்து இறுக்கியிருக்கேன்னு விட்டுட்டேன்."

நான் அதே அறையில்தான் இருந்தேன். "இறுக்கியிருக்கேன்" என்றார். "இறுக்கியிருக்கா" என்று சொல்லவில்லை.

மார்ச் 8, வெள்ளி

யார்டில் கைக்குட்டை எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். கையில் மாமாவின் திங்கட்கிழமைப் படிவம். ஒன்பதாவது கேள்வியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"யாரு இறுக்குனது?"

"நான்தான் சார்."

"மிதிச்சா?"

"ஆமா சார். மிதிச்சுத்தான்."

"உரிய அளவுன்னு டிக் போட்டிருக்கீங்களே. உங்க கால்தான் உரிய அளவா?"

சிலர் சிரித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை மாமா வண்டி எடுக்கக் கூடாது, பொய்ப் படிவம் என்று முடிவானால் ஒப்பந்தம் ரத்து.

நான் வாயைத் திறக்கவில்லை. டீ ஆறிப்போனதற்கெல்லாம் சண்டை போடுகிற வாய் இது.

கைக்குட்டை உள்ளே போனதும் ரேடியோ வந்தான். இவனும் ஓட்டுநர்தான், வாய் மூடாதவன், அதனால் ரேடியோ. "எங்க அந்த மனு? குடு" என்று வாங்கிக்கொண்டு போனான். சாயந்தரத்துக்குள் இருபத்து மூன்று கையெழுத்து. ஒவ்வொருத்தனிடமும் ஒரே வசனம்: "யார்டுல ஒரு டார்க் ரென்ச் இருந்திருந்தா அந்த மனுஷனுக்கு இது நடந்திருக்குமா?"

நடந்திருக்கும். டார்க் ரென்ச்சில்தான் இறுக்கினேன். இந்த யார்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். மாமாவுக்கும்.

மார்ச் 10, ஞாயிறு

இழுத்துக்கொண்டு வந்து வீட்டு முன்னால் போட்டிருக்கும் மாமா வண்டியை இன்று பார்த்தேன். கழன்றதுபோக மூன்று சக்கரம் மிச்சம்.

ரென்ச்சை 110-இல் வைத்தேன். வலது முன்சக்கரம்: ஐந்து நட்டும் அசையாமல் க்ளிக். வலது பின்சக்கரம்: அதேதான். இரண்டுக்கும் நான் பெயிண்ட் அடிக்கவில்லை.

இடது பின்சக்கரம். பெயிண்ட் அடித்தது. முதல் நட்டு கால் சுற்று சுற்றிய பிறகுதான் க்ளிக். இரண்டாவது கிட்டத்தட்ட அரைச் சுற்று. மூன்றாவது விரலுக்கே வந்தது.

கழற்றினேன். ரிம்மின் பின்பக்கம் பெயிண்ட் நசுங்கி வட்டமாகப் பெயர்ந்திருந்தது. நட்டுக் குழிகளில் சாம்பல் நிறத்தில் தூள். இரண்டு இரும்புக்கு நடுவே நான்கு கோட்டு பெயிண்ட் மெத்தை மாதிரி இருந்திருக்கிறது. மெத்தையை வைத்து இறுக்கினேன், க்ளிக் சொன்னது. வண்டி ஓட ஓட மெத்தை நசுங்கியது, நட்டு தளர்ந்தது. ரென்ச் பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அது 110தான்.

அப்புறம் அந்த எறும்பு எழுத்துத் தாளை விரித்தேன். ஆறாவது வரி: ஒன்றோடொன்று பொருந்தும் பரப்புகளில் பெயிண்ட், துரு, எண்ணெய் இருக்கக் கூடாது. ஒன்பதாவது வரி: சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் அளந்து பார்க்கவும்.

நாளைக்கு ஒருதரம் பாத்துக்கலாமான்னு கேட்டாரே. கேட்டாரேடி. எப்பவும் பாப்பேன்னாரே. நீ என்ன சொன்ன? சந்தேகமான்னு கேட்ட. படிக்காத தாளை வச்சுக்கிட்டு அவருக்குப் பாடம் எடுத்த.

அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவருக்குத் தெரியும்டி. சக்கரம் கழண்ட அன்னைக்கே அந்த ரிம்மைப் பாத்துட்டாரு."

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? அடுத்தவங்க வண்டில கை வச்சதுக்கு உன் வண்டி நிக்கும். தெரியாமக் கையெழுத்துப் போட்டதுக்கு அவரு வண்டியும் நிக்கும். இப்போ ஒண்ணுதான் நிக்குது." கடைசிச் சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "நீயும் கொஞ்ச நாள் வாய மூடிக்கிட்டு இரு. உனக்குக் கஷ்டம்தான்."

மார்ச் 11, திங்கள்

ஒன்பதாவது கேள்வி: ஆம். என் வண்டிக்கு அது உண்மை. காலையில் அளந்தேன். இரண்டு தடவை அளந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

தையல் கடைக்குப் போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரோரம் தைக்காத துணி மலையாகக் கிடந்தது.

"பிளவுஸா, பாவாடையா?"

"இல்லக்கா. அந்தச் சக்கரம்... அந்த வண்டிக்காரர் எங்க அக்கா வீட்டுக்காரர்."

ஏற இறங்கப் பார்த்தார். "ஓ. சக்கரத்தோட சொந்தமா? இந்தக் கடைக்குள்ள வர்றவங்க எல்லாம் படிகிட்டச் செருப்ப விட்டுட்டு வருவாங்க. அது ஒண்ணுதான் அப்படியே வந்துச்சு."

துணி மலையின் பக்கத்தில் நின்றேன். "நிக்கிறதுக்கு இதச் சுத்து" என்று மிஷினின் கைச்சக்கரத்தைக் காட்டினார். அவர் துணியைத் தள்ள, நான் கையால் சுற்றினேன்.

"மெல்ல. இது உங்க வண்டி இல்ல."

இரண்டு தலையணை உறை முடிந்ததும் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். கம்பெனியிலிருந்து கைக்குட்டையும் இன்னொருத்தரும் வந்து கொடுத்தார்களாம். "விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் அலட்சியம் மட்டுமே" என்று டைப் அடித்திருந்தது. கீழே கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு.

"போட்டீங்களா?"

"பேனா இல்லன்னுட்டேன். நம்பிட்டுப் போயிட்டாங்க. தையல் கடையில பேனா இல்லாமலா அளவெழுதுறேன்?" தாளை இழுத்துத் திருப்பி வைத்தார். "அந்த மனுஷன் ஆஸ்பத்திரியில என் தலைமாட்டுல நாலு மணிநேரம் நின்னாரு. உக்காருங்கன்னாலும் உக்காரல. அலட்சியக்காரரு மாதிரித் தெரியல. நீ சொல்லு, அலட்சியம்தானா?"

"அவர் இல்லக்கா. நான்தான் இறுக்கினேன்."

மிஷினின் கைச்சக்கரத்தை விடாமல் பிடித்திருந்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"இத எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண? எங்கிட்டதான் காலு இல்லையே, எந்திரிச்சுப் போயி சொல்ல." துணியைத் தள்ளினார். "சுத்து."

மார்ச் 14, வியாழன்

மாமா வாசல்படியில் உட்கார்ந்து பழைய நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். வண்டி ஓடாத ஆள் வேறென்ன செய்வார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு நான் சொல்லப்போறேன் மாமா."

"வேணாம். ஒருத்தர் வீட்ல இருந்தா போதும்."

"நீங்க பொய் சொல்லியிருக்கீங்க."

"ஒன்பது வருஷம் படிவத்துல சொன்னேன். அப்போ யாரும் கேக்கல. இப்போ வாயால ஒருதரம் சொன்னேன்."

கேட்டேன். "நீங்க மிதிச்சிருந்தா கழண்டிருக்காதோ?"

ஒரு நட்டை வெளிச்சத்தில் பிடித்து மரையைப் பார்த்தார். "தெரியல. மிதிச்சது தப்பாக்கூட இருக்கும். ஆனா மறுநா திரும்பிப் பாத்திருப்பேன்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ரேடியோ போன் செய்தான். இருபத்தெட்டுக் கையெழுத்து ஆகிவிட்டதாம். "நாளைக்கு உள்ள கூப்டுறப்ப மனுவைக் குடுக்குறோம். நீ அழகாப் பேசு. டார்க் ரென்ச் இல்லாததாலதான் விபத்து. அவ்வளவுதான். வேற எதையும் இழுக்காத."

மனுவில் இருப்பதெல்லாம் நியாயம். விபத்துக்குச் சொல்லப்போகும் காரணம் மட்டும் பொய். நியாயத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு பொய் போதும் என்று கைக்குட்டை நினைக்கலாம், நானும் நினைத்தால் எனக்கும் ஒரு கைக்குட்டை வாங்க வேண்டியதுதான்.

மார்ச் 15, வெள்ளி

விசாரணை அறையில் மூன்று நாற்காலி, மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமா நின்றார். மனுவோடு நானும் ரேடியோவும் நின்றோம்.

நான் மனுவைக் கொடுத்தேன். டார்க் ரென்ச்சை மேஜைமேல் வைத்தேன். பின்சக்கரத்து ரிம்மைச் சாக்கில் கொண்டுபோயிருந்தேன், அதையும் வைத்தேன். மேஜையில் சாம்பல் தூள் கொட்டியது. கைக்குட்டை பின்னால் நகர்ந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெயிண்ட், க்ளிக், நாளைக்குப் பார்க்கலாமா என்று மாமா கேட்டது, நான் மறுத்தது. கடைசியாகத் தாளின் ஒன்பதாவது வரியை வாசித்தேன்.

நடு நாற்காலிக்காரர் ரென்ச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கருவி இருந்தும் கழன்றிருக்கிறது. அப்போது இந்த மனு எதற்கு?"

"கருவி இல்லாம மத்த முப்பது பேரும் ஆம் போடுறாங்க சார். கருவி இருந்த நான் ஐம்பது கிலோமீட்டர் கழிச்சுப் பாக்கல. கருவியும் குடுங்க, பாக்குறதுக்கு நேரமும் குடுங்க. ஐம்பதாவது கிலோமீட்டர்ல வண்டிய நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு போன் வருது. அது உங்க போன்."

அவர் எழுதிக்கொண்டார். எதை எழுதினார் என்று தெரியாது.

தீர்ப்பு அரைமணி நேரத்தில் வந்தது. என் ஒப்பந்தம் ரத்து. மாமாவுக்கு ஆறு வாரம் வண்டி எடுக்கத் தடை. தையல்கார அக்காவுக்கான தாளில் "ஓட்டுநரின்" என்பதை அடித்துவிட்டு "மூன்றாம் நபரின்" என்று எழுதினார்கள். மனு பரிசீலனையில்.

ரேடியோ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு அது பெரிய சாதனை.

மாமா வெளியே வந்து, சாக்கில் இருந்த ரிம்மைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கேட்டைத் தாண்டியதும் சொன்னார்: "நீ பண்ணின தப்பை நான் ஏத்துக்கிட்டேன். அது என் இஷ்டம். அத்தனை பேர் முன்னாடி அதப் பிடுங்கிக்கிட்ட."

மார்ச் 29, வெள்ளி

மாமா பேசுவதில்லை. "சாப்பிட வரச் சொல்லு" என்று அக்காவிடம் சொல்கிறார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். "நான் என்ன ரேடியோ ஸ்டேஷனா?" என்று அக்கா இரண்டு பேரையும் திட்டினாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

டயர் கடையில் வேலை கிடைத்து ஒரு வாரம். முதலாளி முதல்நாள் என் கையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு ஸ்பேனரைக் கொடுத்தார்.

மாட்டுகிற ஒவ்வொரு வண்டியின் ஸ்டியரிங்கிலும் சீட்டு ஒட்டுகிறேன்: "50 கி.மீ. ஓடியதும் வரவும். நட்டு பார்க்க வேண்டும். காசு இல்லை."

"ஒருத்தனும் வரமாட்டான்" என்றார் முதலாளி.

இதுவரை நாற்பத்தொரு வண்டி. ஒருத்தனும் வரவில்லை.

சாயந்தரம் தையல் கடையில் கைச்சக்கரம் சுற்றுகிறேன். இப்போது வேகம் சரியாக இருக்கிறதாம். கட்டு அடுத்த வாரம் பிரிக்கிறார்கள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

ரேடியோ போன் செய்தான். ஐந்து வாரப் பேச்சு மொத்தமும் வந்தது. அதில் இரண்டு செய்தி.

ஒன்று: யார்டுக்கு டார்க் ரென்ச் வந்துவிட்டது. ஆபீசில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாவி கைக்குட்டையிடம்.

இரண்டு: படிவத்தில் பதினைந்தாவது கேள்வி சேர்த்திருக்கிறார்கள். "ஐம்பது கி.மீ. ஓடிய பின் நட்டுகள் மறுபடியும் சரிபார்க்கப்பட்டனவா?" எல்லோரும் "ஆம்" போடுகிறார்கள். காலையில், வண்டி கிளம்புவதற்கு முன்.

ஏப்ரல் 27, சனி

நாளை மறுநாள் மாமா வண்டி எடுக்கலாம்.

காலையில் அக்கா வந்தாள். "உங்க மாமா கேக்கச் சொன்னாரு. சக்கரம் மாட்டணுமாம். கடையில காசு குடுத்து மாட்டுறதா, இல்ல வீட்லயே ஆள் இருக்கான்னு."

ஆள் இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

நான்கு ரிம்மின் பின்பக்கத்தையும், அவை உட்காரும் வட்டங்களையும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். மூன்று மணிநேரம் ஆனது. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபது க்ளிக்கையும் எண்ணினார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது.

ஸ்டியரிங்கில் சீட்டு ஒட்டினேன்.

ஏப்ரல் 29, திங்கள்

மத்தியானம் இரண்டு மணி. கடையில் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஹாரன். மாமா வண்டி, பின்னால் பாதி பார்சல் இன்னும் இருந்தது. டேஷ்போர்டில் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

இறங்கி, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஐம்பத்து மூணு ஓடிருச்சு. நடுவுல நிறுத்த எடம் கிடைக்கல."

முதலாளி எட்டிப் பார்த்தார். "அட, ஒருத்தன் வந்துட்டானே."

ரென்ச்சை 110-இல் வைத்தேன். முன் இடதில் ஆரம்பித்தேன். ஐந்து நட்டு, அசையவில்லை. பின் இடது, அசையவில்லை. வலது பக்கம் இரண்டும் அப்படியே. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

மாமா முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கடை ஸ்பேனர் ஒன்று நட்டில் மாட்டியிருந்தது. வலது கால் தரையிலிருந்து ஓரடி மேலே இருந்தது.

"மாமா, காலை எடுங்க."

எடுத்தார். "நாளைக்கும் ஒருதரம் பாத்துக்கலாமா?" என்று கேட்டார்.

"வாங்க" என்றேன்.